ஒரு விரல் உசரம்

நட்டநடுப் பகலில் ஒரு பெண்பிள்ளை வைக்கோல் படப்பின் மேல் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாட்டுக்குப் பிடுங்கிப்போட ஏறுகிறாள் என்று போய்விடுவார்கள். சிவனம்மாள் அந்தத் தைரியத்தில்தான் ஏறினாள்.

படப்பின் உச்சியிலிருந்து கையை நீட்டினால், முளைப்பாரி வளர்க்கிற பாரி வீட்டுக் கூரை. நாட்டு ஓடு, ஆடி வெயிலில் கொதித்துக் கிடந்தது. விளிம்பிலிருந்து எண்ணினாள். மூன்றாவது வரிசை, ஐந்தாவது ஓடு. இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். உள்ளங்கை தீய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினாள். ஒரு சாண் விலகியது. அதற்கே காத்திருந்தது போல வெயில் உள்ளே குதித்தது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாளுக்கு முன்னால் பாரியைப் பார்த்தவள் கண் அவிந்துபோகும் என்பது ஊர்ப் பேச்சு. ஓட்டைத் தள்ளினவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒரு காரியம் மருதங்கரையில் அதுவரை எவளுக்கும் தோன்றியதே இல்லை.

சேவுகம்பட்டிக்கு மேற்கே, கண்மாயை ஒட்டி நூற்றிருபது தலைக்கட்டு உள்ள ஊர் மருதங்கரை. அந்த வருசம்தான் கரண்டுக் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பி இன்னும் வரவில்லை. ஊருக்குக் காவல் கரைநாச்சி. அவளுக்குக் கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. கண்மாய்க் கரையில் நிற்கிற மருதமரம்தான் அவள். வெளியூர் ஆள் ஒருவர் வந்து, "இம்புட்டுப் பெரிய மரத்துல ஒரு கொப்ப வெட்டி அழகா ஒரு அம்மன் செதுக்கிரலாமே" என்றாராம். "பெத்தவ கைய வெட்டி அவளுக்கே பொம்மை செஞ்சு குடுப்பீரா?" என்று கேட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களாம்.

ஆடியில் நாச்சிக்கு முளைப்பாரி. ஒவ்வொரு வீட்டுக்காரியும் மண்பானையில் காய்ந்த எருவும் வைக்கோலும் நிரப்பி, பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று கலந்து ஊன்றி, தன் வளையல் ஒன்றைக் கழுத்தில் அடையாளம் கட்டிக் கொடுப்பாள். பானைகள் பாரி வீட்டுக்குள் போகும். சன்னல் இல்லாத வீடு. கதவில் உள்ளங்கை அகலத் திண்டுக்கல் பூட்டு. சாவி பாரிக்குக் காவலான பேச்சாயியின் இடுப்பில். விடியுமுன் ஒரு தரம், இருட்டியபின் ஒரு தரம், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அகல்விளக்கோடு அவள் மட்டும் போய்த் தண்ணீர் தெளிப்பாள். ஒன்பதாம் நாள் எவள் பாரி உசந்து நிற்கிறதோ, அவள் முன்னால். அவள் பாரிதான் கண்மாய்க்குள் முதலில் இறங்கும்.

அதோடு முடியாது. அந்த வருசம் முழுக்க அவள்தான் ஊருக்கு விதைக்கை. எந்தக் காட்டில் விதைப்பு என்றாலும் அவள் வந்து முதல் கை வீசாமல் மாட்டை ஓட்டமாட்டார்கள்.

ஏழு வருசமாக அந்தக் கை சிவனம்மாளின் கை.

அழகில்லை, பிறந்த வீட்டில் செழிப்பில்லை, புருசன் பேச்சிமுத்து வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் ஊர்ப் பெரியவர்களே அவள் வாசலில் வந்து நிற்பார்கள். "ஆத்தா சிவனம்மா, வெள்ளன வந்துரு தாயி" என்பார்கள். அந்த ஒரு சொல்லை வருசம் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள்.

அப்போதுதான் அய்யம்மாள் வந்தாள்.

கொழுந்தன் சோலைமலை லாரி ஓட்டுகிறவன். ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்குக் கத்தரிக்காய் ஏற்றப் போனவன், அங்கே நாற்றுப்பண்ணைக்காரர் மகளைப் பார்த்து மயங்கி, தை மாதம் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்த மறுநாளே, "ஏனுங்க அக்கா, இந்த அவரைக்கொடி இப்புடிச் சுருண்டு கெடக்குதே, பந்தல் போட்டுக் குடுக்கட்டுங்களா?" என்றாள். போட்டாள். காய்த்தது. தெருவே வந்து பறித்துப் போனது. அவள் முருங்கைக்குச்சியை ஊன்றினால் துளிர்த்தது. தும்மினால்கூட ஏதோ ஒன்று முளைத்தது. அந்தக் கொடியில் காய்த்த அவரையை வெஞ்சனமாகத் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போதெல்லாம் சிவனம்மாளுக்குத் தொண்டையில் நார் சிக்கியது.

நாலாம் நாள் விடிகாலை. பாரி வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்த பேச்சாயி வாய்த்துணியை அவிழ்த்தாள்.

"ஏண்டி சிவனம்மா, ஒன் ஓரகத்தி கையில என்ன மாயம்டி இருக்கு? நாலு விரக்கட நிக்குது!"

"எனக்கு?"

"மூணு. அதுக்கேன் மூஞ்சி இப்புடிப் போகுது? இன்னம் அஞ்சு நாக் கெடக்குல்ல."

ஒரு விரல். ஒரே ஒரு விரல் அகலம். அதற்குள் புரட்டாசியும், வாசலில் வந்து நிற்கிற பெரியவர்களும், "தாயி"யும் அடங்கிப்போயின.

சிவனம்மாளுக்கு ஒரு ரகசியம் தெரியும். மூன்று வருசம் முன்னால் மூக்காயியின் பாரி வளராமல் பாதியில் நின்றுவிட்டது. விரதத்தில் ஏதோ தப்பிவிட்டாள், மனசில் அழுக்கு என்று ஊர் பேசியது. மூக்காயி ஒரு மாதம் அழுதாள். ஆனால் அந்தப் பானை இருந்த இடத்துக்கு நேரே கதவுப்பலகையில் விரிசல் இருந்ததை, பானை எடுக்கும்போது சிவனம்மாள் பார்த்திருந்தாள். வெளிச்சம் பட்டால் பாரி நின்றுபோகும். யாரிடமும் சொல்லவில்லை. மூக்காயி அழுதபோது கூடவே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள், அப்போதும் சொல்லவில்லை.

பானைகளை உள்ளே வைத்த அன்றே அய்யம்மாளின் பானை எந்த ஓட்டுக்குக் கீழே என்று பார்த்துவைத்திருந்தாள். அன்று உச்சிவேளையில்தான் படப்பில் ஏறினாள்.

ஆறாம் நாள் பேச்சாயி கவலையோடு வந்தாள். "என்னமோ தெரியலடி. அய்யம்மா பாரி அப்புடியே நின்னுருச்சு. மத்ததெல்லாம் முழங்கையத் தொடப் போகுது."

"அச்சச்சோ!" என்றாள் சிவனம்மாள். அன்று ராத்திரி மூன்று உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டாள். கையில் என்ன கொப்புளம் என்று புருசன் கேட்டதற்கு, "சோறு வடிச்சேன், கஞ்சி கொட்டிருச்சு" என்றாள்.

ஒன்பதாம் நாள் விடியுமுன் பானைகள் வெளியே வந்தன. பொழுது கிளம்பியதும் ஊரே கூடிப் பார்த்தது. சிவனம்மாளின் பாரி முழம் தாண்டி, பொன்னிறமாக, ரோமம் போல மெலிந்து நின்றது. பக்கத்தில் அய்யம்மாளுடையது. ஒரு சாண்கூட இல்லை. கட்டையாக, கரும்பச்சையாக, அடர்ந்து கிடந்தது.

மூக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னாத்தா, கீரைப்பாத்தியவா தூக்கிட்டு வாறே? கடைஞ்சு திங்கலாம் போல!"

"பசியாத்துனாச் செரிங்க மதினி" என்று அய்யம்மாள் சிரித்தாள். சிரித்தாளே தவிர, பானைக் கழுத்தில் கட்டிய வளையலை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். வந்த ஆறே மாதத்தில், மனசில் அழுக்கு உள்ளவள் என்று ஊர் சொல்லப்போகிறது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

சிவனம்மாள் முதலில் நின்றாள். எட்டாவது வருசம்!

சாயங்காலம் நாலு மணிக்குக் கொட்டு முழங்க ஊர்வலம் கிளம்பியது. தெருவைத் தாண்டி, களத்தைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறினார்கள். ஏறியதுதான் தாமதம்.

மேற்கே கொடைக்கானல் மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்று வந்தது. புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. துண்டு பறந்தது, கொட்டடிக்கிறவர் தலைப்பாகை கண்மாய்க்குள் போய் விழுந்தது. பெண்கள் குனிந்து பானையை அணைத்தார்கள். ஒரு நிமிசம் இருக்கும், அவ்வளவுதான். காற்று கடந்துபோனது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாரிகள் படுத்துவிட்டன. முழ உசரப் பொன்தண்டுகள் ஒடிந்து, பானை விளிம்பில் ஈரத்துணி போலத் தொங்கின. சிவனம்மாளுடையது எல்லாவற்றையும்விட உசரம். எல்லாவற்றையும்விட மோசமாகச் சாய்ந்திருந்தது.

"நில்லுங்க!" என்று கையை உயர்த்தினார் பூசாரி முத்துச்சாமி. "சாஞ்ச பாரி மொதல்ல தண்ணியில எறங்கக்கூடாது. நிமுந்து நிக்கிறது எது?"

ஒன்றே ஒன்று நின்றது. வரிசையின் கடைசியில், கட்டையாக, பச்சையாக.

"முன்னால வா தாயி!"

தாயி என்றார். சிவனம்மாளின் காதுக்குள் யாரோ சூட்டுக்கோலைச் செருகியது போலிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கீரைப்பாத்தி என்று கேலி பேசிய மூக்காயியே அய்யம்மாளுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடினாள். "ஆத்தா பச்சையா வந்திருக்காடி! காத்துக்குக் குனியாம வந்திருக்கா!" என்று குலவை கிளம்பியது. அய்யம்மாள் கண்மாய்க்குள் இறங்கினாள்.

அவளை அங்கே இறக்கியது நான்தான். இந்த ஒரு நினைப்பு சிவனம்மாளை அன்று படுக்கவிடவில்லை.

மறுநாள் காலை பாரி வீட்டைக் கூட்டப் போன பேச்சாயி அலறிக்கொண்டு வெளியே வந்தாள். ஓடு விலகிக் கிடக்கிறது. பாரி வீட்டுக்குள் வெயில்!

மருதமரத்தடியில் ஊர் கூடியது. வெளிச்சம் பட்ட பாரி செல்லுமா, செல்லாதா? யார் தள்ளியது? பூனையா, காற்றா, ஆளா? ஆளுக்கொன்று பேசினார்கள். வெயில் விழுந்த இடம் அய்யம்மாளின் பானை இருந்த இடம் என்று பேச்சாயி அழுதுகொண்டே சொன்னாள்.

சிவனம்மாளுக்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. யாரையும் பார்க்காமல், பக்கத்தில் இருந்த மூக்காயியிடம் பேசுவது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "வெயிலு காட்டுனாத் தண்டு உரம் பிடிக்கும்னு நமக்கென்ன தெரியும்? நாத்து வளக்குற வீட்டுல பொறந்தவுகளுக்குத்தேன் தெரியும்."

போதும். நூறு கண்கள் அய்யம்மாள் பக்கம் திரும்பின.

"ஏம்மா," என்றார் பூசாரி, "ஒங்கப்பன் பண்ணையில நாத்துக்கு வெயில் காட்டுவாகளா?"

"காட்டுவாருங்க. நெசந்தானுங்க" என்றாள் அய்யம்மாள். "காட்டாட்டி நாத்து நோஞ்சானாப் போயிருமுங்க. ஆனா இது நாத்து இல்லீங்களே, ஆத்தாளுங்களே! இதுல நான் கை வெப்பனுங்களா?"

"அப்பச் சத்தியம் பண்ணு."

கண்மாயில் முங்கி எழுந்து, ஈரச்சேலையோடு வந்து, மருதமரத்துப் பட்டையில் வலது கையை வைத்தாள். "நான் அந்த ஓட்டத் தொட்டிருந்தா, இந்தக் கை எதை ஊனுனாலும் முளைக்காமப் போகட்டுமுங்க."

இனி நாச்சி பதில் சொல்ல வேண்டும். மருதங்கரையில் நாச்சி பேசுவது பல்லியின் வாயால். மரத்தில் பல்லி சொன்னால் சத்தியம் நிற்கும். வெயில் உச்சிக்கு வரும்வரை சொல்லாவிட்டால் சத்தியம் பொய். பொய்ச்சத்தியம் செய்தவளை அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு வண்டியேற்றிவிடுவார்கள்.

ஊர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சோலைமலை லாரிக்குப் போகாமல் கூட்டத்தின் ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நிழல் மெல்ல மெல்லக் குறுகி மரத்தடியை நோக்கி வந்தது.

ஆத்தா, வாயத் தொறக்காத. ஏழு வருசம் ஒனக்குத்தானே தூக்குனேன்! எனக்காக ஒரு நா சும்மா இருக்க மாட்டியா? சிவனம்மாள் உதடு அசையாமல் வேண்டினாள். இன்னும் நாலடி நிழல். இன்னும் ரெண்டடி.

ட்ச்சு. ட்ச்சு. ட்ச்சு.

"சொல்லிருச்சு!" என்று மூக்காயி துள்ளினாள்.

பேச்சாயி கையிரண்டையும் தலைக்கு மேல் தூக்கினாள். "அப்ப ஓட்டத் தள்ளுனது ஆருடி? அவதேன்! புது மருமகளப் பாக்கணும்னு அவளே கூரையத் தொறந்திருக்கா! எனக்குத் தோணாமப் போச்சே!"

குலவை வானத்தைத் தொட்டது. இளவட்டங்கள் இரண்டு பேர் ஓடிப்போய்க் கூரையில் ஏறி அந்த ஓட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். பூசாரி மருதமரத்தின் அடியில் அதைச் சாய்த்து வைத்து, ஒரு செவ்வரளிப் பூவையும் சாத்தினார். "இனிமே வருசா வருசம் இதுக்கும் பூசை உண்டு. நாச்சி கைபட்ட ஓடு!"

நாச்சி கைபட்ட ஓடா?

சிவனம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கொப்புளம் இன்னும் காயவில்லை. சுட்டது யாருக்கு? ஏறியது யார்? வரிசை எண்ணியது யார்? பாரி போனது, விதைக்கை போனது, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தான் செய்த காரியத்துக்கு இன்னொருத்தி பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கிறாளே! அய்யம்மாள்மேல் இருந்த எரிச்சல் எகிறி மரத்தின்மேல் பாய்ந்தது.

"ஆத்தாளாவது ஒண்ணாவது! நாந்தேன் தள்ளுனேன்!"

குலவை பாதியில் அறுந்தது.

"ஏலே, யாருடா அவ?" என்று ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சிவனம்மா! வயித்தெரிச்சல்ல ஒளறுறா. உக்காருத்தா!"

"ஒளறலய்யா! மூணாம் வரிசை, அஞ்சாம் ஓடு. எங்க படப்பு மேல ஏறுனேன், உச்சி வெயில்ல. இந்தா பாருங்க!" என்று இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டினாள். தன் குற்றத்தைத் தானே நிரூபிக்க ஆளாளுக்குக் கையைக் காட்டிக்கொண்டு சுற்றிவந்தாள். "பாருங்க, ஓடு சுட்டது! ஆத்தாளுக்குக் கொப்புளம் வருமா?"

பேச்சிமுத்து கொட்டாவியை மறந்து பெண்டாட்டியைப் பார்த்தான். மூக்காயி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வெளிச்சம் பட்டா வளராதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

சிவனம்மாள் வாயைத் திறந்தாள். மூன்று வருசத்துக்கு முந்தைய அந்த அழுகை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். மூக்காயி புரிந்துகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

"பாரி செல்லும்," என்றார் பூசாரி கடைசியில். "சாயாம நின்னுச்சு, பல்லியும் சொல்லியாச்சு. அய்யம்மாதேன் விதைக்கை. சிவனம்மா, மூணு வருசத்துக்கு ஒன் கை விதையத் தொடக்கூடாது. ஒங்க சொந்தக் காட்டுலகூட."

"தள்ளுனது அவ கைதேன்," என்று பேச்சாயி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "ஆனா அந்தக் கையப் புடிச்சுத் தள்ள வச்சது ஆரு? நாச்சிதேன்!"

ஓட்டுக்கு வைத்த பொட்டை யாரும் அழிக்கவில்லை.

புரட்டாசி மழை நன்றாக இறங்கியது. பெரியவர்கள் அடுத்த வாசலில் போய் நின்றார்கள். "வெள்ளன வந்துரு தாயி." சிவனம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

ஆனால் மூன்று காட்டு விதைப்பு முடிவதற்குள் ஊரில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அய்யம்மாளுக்கு வீசத் தெரியவில்லை. நாற்று நடுகிற கை அது. சோளத்தை அள்ளினால் விரல் பிரியாமல் ஒரே இடத்தில் பொத்தென்று கொட்டியது. "கோழிக்கு எறைக்கிற மாதிரியில்ல எறைக்குது!" என்று சிரித்தார்கள். சிவனம்மாளுக்கு ஐப்பசி வரைக்கும் போதுமான சந்தோசம் அதில் கிடைத்தது.

நாலாவது காடு சிவனம்மாள் வீட்டுடையது. அய்யம்மாள் மண்ணில் இறங்கி முதல் கையை வீசினாள். பொத். காலடியிலேயே கொத்தாக விழுந்தது. ஏர் பிடித்து நின்ற பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். வரப்பில் நின்ற சிவனம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அய்யம்மாள் வரப்புக்கு வந்தாள். கை நிறையச் சோளம்.

"அக்கா, எனக்கு இது வரலீங்க. சொல்லிக் குடுங்க."

"நான் விதையத் தொடக்கூடாதுடி. ஊரு சொன்னது மறந்துபோச்சா?"

"விதைய ஏனுங்க தொடறீங்க? அது என்ற கைக்குள்ளார இருக்குது. நீங்க என்ற மணிக்கட்டப் புடிங்க."

சிவனம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பரிகாசமா? இல்லை. அந்த முகத்தில் அது கிடையாது. அதுதான் ஆத்திரமே! இவளுக்கு இது வரவில்லை, எனக்கு வரும். இதை ஊர் பார்க்கட்டும். வரப்பிலிருந்து குதித்தாள். பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இறுக்காத. கட்டைவிரலத் தளத்து. இடுப்போட திரும்பு... இப்ப!"

விதை விசிறி போலப் பிரிந்து, பாதிக் காட்டுக்குப் பறந்து, மழை தெளித்தது போல உட்கார்ந்தது. பேச்சிமுத்து மாட்டை அதட்டினான். அய்யம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சிவனம்மாள் அந்த வாய் பிளந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் விடிகாலை அவள் மட்டும் காட்டுக்குப் போனாள். முளை விட்டிருந்தது. குனிந்து, முதலில் தான் மணிக்கட்டைப் பிடித்து வீசிய இடத்தில் விரலை வைத்து அளந்தாள். மூன்று விரல். பிறகு அய்யம்மாள் கொத்தாகக் கொட்டிய இடத்துக்குப் போனாள். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு, வெளிறிய தண்டாக நின்றது. அளந்தாள்.

நாலு விரல்.

சிவனம்மாள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். மறுபடியும் அதே ஒரு விரல்! வயிறு எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே, எங்கிருந்தோ சிரிப்பும் வந்தது. கிழக்கே கண்மாய்க் கரையில் மருதமரத்து உச்சிக்கிளை லேசாக அசைந்தது.

"நிக்கட்டும், நிக்கட்டும்," என்றாள் அந்த நாலு விரலைப் பார்த்து. "காத்தடிக்கட்டும்டி, பாப்போம்."